சாய்ந்த சுவர், இழைத்த கதவு

சமையலறைக் கதவு முதன்முதலாக நிலையில் இடித்தது 2018 நவம்பரில். கஜா புயல் 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறி, காலையில் திண்டுக்கல் மாவட்டத்துக்குள் வந்து, கொடைக்கானல் மலையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது. செண்பகனூரில் எங்கள் வீட்டுக்கு மேலே இரண்டு சில்வர் ஓக் வேரோடு சாய்ந்தன. மலைச்சாலை முழுக்க மரம். பல நாள் கரண்ட் இல்லை. ஆனால் எங்கள் கூரையில் ஒரு தகரம்கூடக் கழலவில்லை. தப்பித்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தோம்.

கதவு மட்டும் மேல் மூலையில் உரசியது. ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிட்டோம். அடுத்த ஐப்பசி மழைக்குத் திரும்பவும் உரசியது, திரும்பவும் இழைத்தோம். மழையில் மரம் ஊறினால் கதவு பிடிக்கத்தானே செய்யும் என்று அப்பா சொன்னார், நானும் நம்பினேன். நாலு வருடத்தில் நாலு முறை இழைத்த பிறகுதான், வெயில் காலத்திலும் அது பிடிக்கிறதே என்று உறைத்தது.

2023 பொங்கல் முடிந்த மறுநாள் சமையலறைச் சுவரின் மேல்சட்டத்தில் ஓர் ஆணி அடித்து, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டேன். சுவர் 9 அடி உயரம். மேலே நூல் சட்டத்தை ஒட்டி இருக்க, கீழே குண்டு ஒன்றே முக்கால் அங்குலம் விலகி நின்றது. கதவில் ஒரு குற்றமும் இல்லை. சுவரே பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா வாங்கிய பழைய வீடு. 28 அடிக்கு 16 அடி. இரண்டடி உயரத்துக்குக் கல் அடித்தளம், அதன்மேல் படுக்கையாக அடிச்சட்டம், அதில் சுமார் மூன்றடிக்கு ஒன்றாக நாலங்குலத் தூண்கள், தூண்களின் தலையில் மேல்சட்டம், அதற்கு மேல் கைமரமும் தகரக் கூரையும். தூண்களுக்கு வெளிப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று படியும் பலகைகள். உள்பக்கம் வரிச்சு (மெல்லிய மரப்பட்டிகள்) அடித்து, அதன்மேல் சுண்ணாம்புக் காரை. 28 அடி நீளச் சுவர் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறது. காற்று அதில்தான் அறையும். சமையலறைச் சுவர் 16 அடி நீளமுள்ள பக்கச் சுவர். நடுவில் பின்கதவும் ஒரு ஜன்னலும்.

காற்று அறைவது நீளச் சுவரில், சாய்ந்தது பக்கச் சுவர். இது முதலில் எனக்குப் புரியவில்லை. பாட்டியின் படத்தைத் துடைக்கக் கழற்றியபோது புரிந்தது. பின்பலகையை எடுத்ததும் நாலு சட்டமும் கையில் ஆடின. ஒரு மூலையைத் தள்ளினால் செவ்வகம் அப்படியே சரிந்து இணைகரம் ஆனது. சட்டங்களில் ஒரு கீறல் கிடையாது, மூலைகள்தான் திரும்பின. பலகையைத் திரும்ப வைத்து ஆணியை மடக்கியதும் அசைக்க முடியவில்லை. மரச்சட்டச் சுவரும் அப்படித்தான். தூண் எவ்வளவு பருமனாக இருந்தாலும், மூலைக்கு மூலை ஒரு சாய்முட்டோ, முழுமுகத்தையும் பிடிக்கிற ஒரு பலகையோ இல்லாவிட்டால் சுவர் சரியும். நீளச் சுவரில் காற்று அறைந்தால் அந்தத் தள்ளுவிசை மேல்சட்டத்துக்கு ஏறி, இரண்டு பக்கச் சுவர்களின் தலையைத் தள்ளுகிறது. அதைத் தாங்க வேண்டியது பக்கச் சுவர்கள்தான்.

திண்டுக்கல்லில் கட்டடப் பொறியாளராக இருக்கும் என் மச்சான் வந்து பார்த்துக் கணக்குப் போட்டார். காற்றழுத்தத்துக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தரநிலை) தரும் சூத்திரம் எளியது: காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. எங்கள் நீளச் சுவர் 23 சதுர மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் 1,100 கிலோ. அதில் கீழ்ப்பாதி நேராக அடித்தளத்துக்குப் போய்விடும். மேல்பாதி 550 கிலோவை இரண்டு பக்கச் சுவர்களும் பங்கிட்டால் ஒன்றுக்கு 275 கிலோ. கூரைச் சரிவில் விழும் காற்றையும் சேர்த்தால் இன்னும் ஏறும். "இது தோராயக் கணக்கு மாப்ள, ஆனா எங்க கை வைக்கணும்னு இது சொல்லிரும்" என்றார். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் தெரிந்த பொறியாளர் ஒருவரை வரவழைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். சுவரைப் பிரித்த பிறகு கூப்பிட்டால் அவராலும் அதிகம் செய்ய முடியாது.

சுவரைத் திறந்தபோது

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உள்காரையை உடைக்க ஆரம்பித்தோம். காரைக்குப் பின்னால் துணி உறை போட்ட பழைய ஒயர் போகிறது என்பது யாருக்கும் தெரியாது. அணைக்காமல் கொத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பண்ணைக்காட்டிலிருந்து வந்த ஆசாரிக்கு எழுபது வயது. அவர் முதலில் செய்தது, ஒவ்வொரு தூணையும் உளியின் பின்புறத்தால் தலையிலிருந்து கால் வரை தட்டிக்கொண்டே வந்தது. மேலே கணீர் என்ற சத்தம். கடைசி ஒன்றரை அடியில் மூன்று தூண்கள் பொத்துப் பொத்தென்றன. "தம்பி, நிக்குதேன்னு நம்பிராதீங்க. கால் இருக்கான்னு பாருங்க" என்றபடி ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. ஈரமானி வாங்கி வைத்திருந்தேன். தூணின் மேல்பகுதியில் 14 விழுக்காடு காட்டியது, அடியில் 31. மரத்தின் ஈரம் 20ஐத் தாண்டாமல் இருந்தால் பூஞ்சை பிடிக்காது. 30ஐ ஒட்டியே நின்றால் அதற்கு விருந்து. மக்கிய இடம் பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சிறுசிறு கட்டிகளாக உதிர்ந்தது. கரையான் இல்லை, உளுப்பும் இல்லை. இந்தக் குளிரில் எங்களுக்கு முதல் எதிரி தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மலையில் பழைய மர வீடு வைத்திருக்கும் பாதிப்பேர் இதே தவறைச் செய்திருக்கிறோம்.

1990களில் ஒருமுறை கீழ்ப்பலகைகள் இரண்டு இற்றுப்போயின. அப்போது வேலைக்கு வந்த மேஸ்திரி, பலகையை மாற்றுவதை விடச் சிமெண்ட் உறுதி என்று சொல்லி, வெளிப்புறத்தில் மூன்றடி உயரத்துக்குக் கோழிவலை அடித்துச் சிமெண்ட் பூசிவிட்டார். உள்ளேயும் சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடமெல்லாம் சிமெண்டால் ஒட்டுப் போட்டார். தூண்களின் காலைச் சுற்றிக் கான்கிரீட் அணைத்தார். பார்க்கக் கோட்டை மாதிரி இருந்தது. அப்பாவுக்கு அவ்வளவு திருப்தி. ஆனால் மரம் மழைக்கு ஊறி விரியும், வெயிலுக்குக் காய்ந்து சுருங்கும். சிமெண்ட் அதற்கு ஈடு கொடுக்காது. இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விழும். சாரல் அந்த விரிசலில் இறங்கும். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. உள்ளே இறங்கிய தண்ணீர் தூணின் காலைச் சுற்றிய கான்கிரீட் கிண்ணத்தில் தேங்கி, முப்பது வருடம் அங்கேயே இருந்திருக்கிறது. உறுதிக்காகப் பூசியதே காலை அழித்தது. அந்த மேஸ்திரியும் நல்ல மனதோடுதான் செய்தார். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: மர வீட்டின் தூணுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்.

அதோடு அம்மாவின் பூச்செடிப் பாத்தி. வருடா வருடம் எரு போட்டுப் போட்டு மண் ஏறி, அடிச்சட்டத்தின் மட்டத்தைத் தாண்டி நாலங்குலம் நின்றது.

சிமெண்டைப் பெயர்த்த பிறகு இன்னொன்று தெரிந்தது. கட்டிய காலத்து ஆசாரிகள் இந்தச் சுவருக்கு இரண்டு சாய்முட்டு வைத்திருந்தார்கள். ஒன்று மூலைத் தூணின் காலிலிருந்து ஏழடி தள்ளி மேல்சட்டத்துக்கு ஏறியது. சமையலறைக்கு வெளிச்சம் வேண்டும் என்று பிறகு யாரோ ஜன்னல் வைத்தபோது அதை நடுவில் அறுத்துவிட்டார்கள். அறுத்த இரண்டு துண்டும் ஜன்னலுக்குக் கீழும் மேலும் அப்படியே நின்றன, ஒன்றையும் தாங்காமல். மறுபக்கத்துச் சாய்முட்டு முழுதாக இருந்தது, ஆனால் அதன் கால் மக்கிப் போயிருந்தது. ஆக, புயல் வந்த அன்று இந்தச் சுவரைப் பிடித்து நிறுத்தியவை வெளிப்பலகையின் ஆணிகளும் உள்ளே இருந்த காரையும்தான்.

ஆசாரி ஒரு தூணின் அடியைத் துடைத்து என்னைக் கூப்பிட்டார். உளியால் கீறிய மூன்று கோடுகள். அது உட்காரும் அடிச்சட்டத் துளையின் பக்கத்திலும் அதே மூன்று கோடுகள். கீழே வைத்து ஒவ்வொரு தூணையும் அதன் துளைக்கென்றே செதுக்கி, அடையாளம் போட்டு, பிறகு தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. நாலாவது தூணில் கோடு இல்லை, துளைக்குள் இறங்கும் நாக்கும் முனையில் இல்லை. அது பின்னால் மாற்றியது. வெறும் ஆணியில் நின்றது. ஆசாரி அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அறுக்கும்போது அந்த அடையாளம் போகாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். இரண்டில் முடிந்தது, அந்த இரண்டு துண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

மரம் தேடியது

தோட்டத்தில் சில்வர் ஓக் நிற்கிறதே, வெட்டிக்கொள்ளலாமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்தத் தோட்டத்து மரமானாலும் அனுமதி வேண்டும். கிடைத்தாலும் பச்சை மரம் ஆகாது. பச்சை மரத்தை இறுக்கிப் போல்ட் போட்டால் அது காய்ந்து சுருங்கும்போது இணைப்பு தளர்ந்துவிடும். யூகலிப்டஸ் இன்னும் மோசம், காயும்போது முறுக்கும். முட்டுக் கொடுக்க மட்டும் அதை வாங்கினோம்.

தூணுக்கு நான் காரைக்குடி போனேன். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த பர்மா தேக்கு அங்கே கடை கடையாகக் கிடக்கிறது. காய்ந்து காய்ந்து இனிச் சுருங்க ஒன்றுமில்லாத மரம். எட்டு கன அடி எடுத்தேன். கடையில் நின்றே ஒவ்வொரு கட்டையின் குறுக்குவெட்டையும் நனைத்துப் பார்த்து, வெளிறு உள்ளதை ஒதுக்கி, வைரம் பாய்ந்ததை மட்டும் பொறுக்கினேன். பழைய மரத்தில் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். காந்தத்தைத் தடவித் தேடிப் பிடுங்காமல் இழைப்புளி வைத்தால் அலகு போய்விடும். எங்களுக்கு ஒன்று போனது.

ஆணி, போல்ட், வாஷர் எல்லாம் துத்தநாகம் பூசியதுதான் வாங்கினேன். எங்கள் பழைய தூண்களில் இரண்டு வேங்கை. ஈரமான வேங்கையில் வெறும் இரும்பு பட்டால் கறுத்து, ஆணியைச் சுற்றி மரமும் கெடும்.

கால் மாற்றியது

ஒரே நேரத்தில் ஒரு தூண். இந்த விதியை ஆசாரி கடைசி வரை மீறவில்லை. தூணின் இரண்டு பக்கமும் மேல்சட்டத்துக்குக் கீழே யூகலிப்டஸ் முட்டு நிறுத்தி, அடியில் அகலப் பலகை போட்டு, ஆப்பு வைத்து இறுக்கினோம். மூலையில் அடிச்சட்டம் முக்கால் அங்குலம் அமிழ்ந்திருந்தது. லாரிக்குப் போடும் 5 டன் பாட்டில் ஜாக்கி இரண்டை வாடகைக்கு எடுத்து, காலையில் 2 மில்லிமீட்டர், மாலையில் 2 மில்லிமீட்டர் என்று தூக்கினோம். ஐந்து நாள் பிடித்தது. தகரக் கூரை என்பதால் எடை அதிகமில்லை. ஓட்டுக் கூரையாக இருந்தால் இந்த வேலையை நானே செய்யத் துணிந்திருக்க மாட்டேன்.

மக்கியதற்கு மேல், நல்ல மரத்தில் இன்னும் ஆறங்குலம் தள்ளி அறுத்தோம். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்று உள்ளே போயிருக்கும். பழைய தூணின் பாதிக் கனத்தையும் புதுக் காலின் பாதிக் கனத்தையும் எடுத்து, ஒன்றோடொன்று ஓரடி நீளத்துக்குத் தழுவும்படி செதுக்கினார். நாலங்குலத் தூணுக்கு அதன் கனத்தைப் போல மூன்று மடங்கு நீளமாவது தழுவல் வேண்டும் என்பது அவர் கணக்கு. இரண்டு 12 மில்லிமீட்டர் போல்ட். வெளிப்பக்கம் தெரியும் விளிம்பை மட்டமாக விடாமல் கீழ்நோக்கிச் சாய்வாகச் சீவினார், தண்ணீர் நிற்காமல் வழிய. அந்தச் சாய்வை அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது.

அடிச்சட்டத்தில் ஏழடி நீளம் போய்விட்டது. அதையும் மாற்றி, கல்லுக்கும் மரத்துக்கும் இடையே தார் ஃபெல்ட் விரித்தோம். கல்லிலிருந்து ஏறும் ஈரம் இதில் நின்றுவிடும்.

மருந்து: 20 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் ஆசிட். பழைய தூண்களில் பென்சில் கனத்துக்குச் சாய்வாகத் துளை போட்டு ஊற்றி, நாலு நாள் விட்டுவிட்டு மறுபடி ஊற்றினோம். ஈரமாக இருக்கும் மரத்தில்தான் இது நன்றாக உள்ளே பரவும், காய்ந்த பிறகு பூஞ்சையும் வண்டும் அண்டாது. ஆனால் மழை நேராகப் படும் மரத்தில் கரைந்து போய்விடும், வெளிப்பலகைக்கு உதவாது. கையுறை போட்டுக்கொண்டு செய்தோம். குழந்தைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடவில்லை.

தரையோடு கட்டியது

ஜன்னலையும் கதவையும் அகற்ற வேண்டாம் என்று முடிவு செய்ததால், சுவரைச் சரியாமல் பிடிக்கும் ஒட்டுப்பலகை (பிளைவுட்) அடிக்க இரண்டு மூலைகளிலும் நாலடி அகலம்தான் கிடைத்தது. சுவருக்கு வரும் 275 கிலோவை இரண்டும் பங்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் 140 கிலோ. கேட்கச் சிறிய எடைதான். ஆனால் அது 9 அடி உயரத்தில் தள்ளுகிறது, தாங்கும் பலகையின் அகலம் 4 அடி. 140ஐ 9ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 315. காற்று அடிக்கும்போது மூலைத் தூணின் கால் 315 கிலோ விசையோடு மேலே பிடுங்கப்படும். ஏணியைச் சுவரில் சாய்க்காமல் நட்டக்க நிறுத்தி, அதன் தலையைப் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு கால் தரையை விட்டு எழும்புகிறதே, அதுதான். பலகையை எவ்வளவு நெருக்கமாக ஆணி அடித்தாலும், இந்தக் காலைத் தரையோடு கட்டாவிட்டால் பலகையோடு சேர்த்தே சுவர் எழும்பும்.

கல் அடித்தளத்தில் துளை போட்டு ரசாயனப் பசையில் போல்ட் பதிக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். எங்கள் அடித்தளம் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கரட்டுக்கல். ஒரு கல்லைப் பிடித்தால் அந்த ஒரு கல்தான் வரும். அதனால் உள்ளே தரையைத் தோண்டி, இரண்டு மூலையிலும் 2 அடிக்கு 2 அடி, ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட் கட்டை வார்த்தோம். ஒன்று சுமார் 400 கிலோ. அதிலிருந்து 16 மில்லிமீட்டர் கம்பி வளைத்து மேலே வந்து, ஓர் ஆங்கிளில் (எல் வடிவ இரும்பு) நட்டுப் போட்டு, தூணின் இரண்டு போல்ட்டுகளில் பிடிக்கிறது. கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டங்குல இடைவெளி விட்டோம். சிமெண்ட் மரத்தைத் தொடவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆங்கிளை மூஞ்சிக்கல் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தோம்.

பத்து நாள் தண்ணீர் ஊற்றிக் கட்டை இறுகிய பிறகு, சுவரை இழுக்கத் தொடங்கினோம். எதிர் மூலைத் தூணின் தலையில் சங்கிலி, இந்த மூலைக் கான்கிரீட் கட்டையில் ஒரு கொக்கி, நடுவில் டர்ன்பக்கிள், அதாவது திருகினால் சங்கிலியை இறுக்கும் கருவி. காலையில் அரைச் சுற்று, மாலையில் அரைச் சுற்று. ஒரு நாளைக்கு மூன்றரை மில்லிமீட்டர். மூன்றாம் நாள் ஆசாரி ஊருக்குப் போயிருந்தார். நன்றாகத்தானே வருகிறது என்று நானே இரண்டு சுற்று சேர்த்துப் போட்டேன். படீரென்று ஜன்னல் கண்ணாடி கோணலாக விரிந்தது. அதே நேரத்தில் கூரையில் எங்கோ ஓர் ஆணி கிறீச்சிட்டது. கை நடுங்க ஒரு சுற்று தளர்த்தினேன். மறுநாள் வந்தவர் கண்ணாடியைப் பார்த்தார். "அஞ்சு வருசமா சாஞ்சத ஒரு நாள்ல நிமிர்த்தப் பாத்தா எப்படி தம்பி? ஆணியெல்லாம் ஒடிஞ்சு போகும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது நாளில் அரை அங்குலச் சாய்வு மட்டும் மிஞ்சியது. அத்துடன் நிறுத்தினோம். அதற்கு மேல் இழுத்தால் கைமரங்களின் பிடி தளரும் என்று மச்சான் சொன்னார், ஆசாரியும் அதையேதான் சொன்னார்.

பிறகு ஒட்டுப்பலகை. ஐ.எஸ். 710 முத்திரை (ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தரநிலை) உள்ள 12 மில்லிமீட்டர் பலகை, தூண்களின் உள்முகத்தில். பழைய தூண்கள் மூன்றடி, மூன்றேகாலடி என்று தள்ளித் தள்ளி நின்றதால் பலகை விளிம்பு எங்கும் மரத்தில் உட்காரவில்லை. நடுவில் புதுத் தூண்கள் சேர்த்தோம். பலகை எட்டடி, சுவர் ஒன்பதடி. மிச்ச ஓரடித் துண்டு சேரும் கோட்டுக்குப் பின்னால் குறுக்குக்கட்டை கொடுத்து இரண்டு விளிம்பையும் அதில் ஆணி அடித்தோம். இந்தக் கட்டை இல்லாவிட்டால் பலகை அந்த இடத்தில் நழுவும், மொத்த உழைப்பும் வீண். விளிம்புகளில் 15 செண்டிமீட்டருக்கு ஓர் ஆணி, நடுவில் 30க்கு ஒன்று. பலகைக்கும் பலகைக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி, ஊறினால் முட்டிக்கொள்ளாமல் இருக்க. ஆணித்தலை பலகைக்குள் புதையும் அளவு அடித்தால் பிடி குறையும். அதனால் நான்தான் கடைசி அடியை அடித்தேன், ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து.

அறுபட்ட சாய்முட்டை ஜன்னலுக்காக அப்படியே விட்டோம். மறுபக்கத்துச் சாய்முட்டுக்குப் புதுக் கால் கொடுத்தோம். நீளச் சுவர்களின் காரை நன்றாக இருந்ததால் அவற்றைத் திறக்கவில்லை. வெளிப்பலகைகளைக் கழற்றி, துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையை மூலைக்கு மூலை பெருக்கல்குறி போல இழுத்து ஆணி அடித்து மூடிவிட்டோம். பட்டை இழுவிசையைத்தான் தாங்கும், அமுக்கினால் மடங்கிவிடும். அதனால்தான் இரண்டு திசைக்கும் ஒவ்வொன்று.

வெளியே, பூச்செடிப் பாத்தியை மூன்றடி தள்ளி வைத்து, மண்ணை அடிச்சட்டத்துக்கு எட்டு அங்குலம் கீழே வெட்டி, ஜல்லி போட்டு வாய்க்கால் எடுத்தோம். அம்மாவுக்கு வருத்தம்தான். இரண்டு ரோஜா பிழைக்கவில்லை. கூரைத் தண்ணீரை வாங்கி விடும், ஓட்டை விழுந்த தகரப் பீலியையும் மாற்றினோம். மொத்தச் செலவு ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதில் பெரும்பகுதி மரமும் கூலியும். பீலிக்கும் வாய்க்காலுக்கும் சேர்த்துப் பதினோராயிரம்தான் ஆனது. இதை 1990களிலேயே செய்திருந்தால் மற்றதற்கு வேலையே இருந்திருக்காது.

பங்குனி கடைசியில், கோடை மழைக்கு முன், உள்ளே சைப்ரஸ் பலகை அடித்து முடித்தோம். அதற்கும் ஒட்டுப்பலகைக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி, மேலும் கீழும் காற்றுப் போக வழி.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கத் தூக்குக் குண்டை அவிழ்க்கவில்லை. வாரம் ஒருமுறை பென்சிலால் குறித்து வந்தேன். எல்லாக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கடைசியில் ஒரே தடித்த கோடாகிவிட்டது. தூண்களின் காலில் ஈரம் 17, ஒரு தூணில் மட்டும் 19. அந்த ஒன்றுக்கு மேலே பலகையில் ஒரு முடிச்சு விழுந்து ஓட்டையாகியிருந்தது, அடைத்திருக்கிறேன். கிழக்குப் பக்கச் சுவர் இன்னும் பாக்கி. அதன் கீழும் அதே மூன்றடிச் சிமெண்ட் இருக்கிறது. இந்தத் தை மாதம் அதைத் திறக்க வேண்டும்.

கதவைச் சொல்லவில்லையே. சுவர் நிமிர்ந்த அன்று சமையலறைக் கதவைச் சாத்தினேன். உரசாமல் போய் நிலையில் உட்கார்ந்தது. ஆனால் மேல் மூலையில் விரல் நுழையும் சந்து, கீழே வர வர ஒடுங்கி ஒன்றுமில்லாமல் போனது. நாலு முறை நாங்கள் இழைத்துத் தள்ளியது அவ்வளவும் அந்தச் சந்தில் தெரிந்தது. ஆசாரி காரைக்குடித் தேக்கில் மிஞ்சிய துண்டை எடுத்து, மேலே முக்கால் அங்குலமும் கீழே தாள் கனமுமாக ஓர் ஆப்புச் சட்டம் இழைத்து, கதவின் ஓரத்தில் பசை வைத்து ஒட்டி, நாலு மூங்கில் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.